ஊர்ப் பெயருக்கு ஒரு பதிவேடு

மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலை நோக்கிச் செல்லும் வழியில், ரப்பர் தோட்டங்களின் நிழலிலும் வீட்டுப் புரையிடங்களின் ஓரங்களிலும், தரையில் நட்ட ஒற்றைக் காலின்மேல் அமர்த்திய சிறிய மரப்பெட்டிகளை அங்கங்கே காணலாம். எறும்பு ஏறாதிருக்கக் காலடியில் தண்ணீர்க் கிண்ணமும், மழை இறங்காதிருக்க மேலே ஒரு தகடும் வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளிலிருந்து எடுக்கும் தேன் தலைமுறைகளாகச் சந்தையில் 'மார்த்தாண்டம் தேன்' என்ற பெயராலேயே விலையாகி வந்தபோதிலும், அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவுக்குச் சட்டபூர்வமான விடை 2023-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அவ்விடையை எழுதி வைத்தது, குமரி மாவட்டத்துக்கு நெடுந்தொலைவில், சென்னை கிண்டியில் பெருஞ்சாலையை ஒட்டி நிற்கும் அறிவுசார் சொத்துரிமை அலுவலகக் கட்டடத்தில் இயங்கி வரும் புவிசார் குறியீட்டுப் பதிவகம்.

அறிவுசார் சொத்து என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது காப்புரிமை. புதிய இயந்திரமோ மருந்தோ கண்டுபிடித்தவருக்கு இருபது ஆண்டுகளுக்குச் சர்க்கார் அளிக்கும் தனியுரிமை. அதற்கு அடுத்தபடியாக வர்த்தகச் சின்னம். இவற்றையெல்லாம் நிர்வகிக்கும் இலாகா மத்திய வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்தது. காப்புரிமைக்குத் தலைமையிடம் கல்கத்தா, வர்த்தகச் சின்னத்துக்குப் பம்பாய் என்று அதன் அலுவலகங்கள் பிரிந்திருக்கின்றன. புவிசார் குறியீட்டுக்கு மட்டும் தேசம் முழுமைக்கும் ஒரே பதிவகம். அது சென்னையில் இருக்கிறது. காஷ்மீரத்துக் குங்குமப்பூவும் மைசூர்ப் பட்டும் நம்முடைய காஞ்சிபுரம் பட்டும் தத்தம் ஊர்ப் பெயருக்கு உரிமை கோரி வந்து நின்ற இடம் இந்தக் கிண்டி அலுவலகமே என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

தமிழகத்துக்கும் இந்தத் துறைக்கும் உள்ள தொடர்பு கிண்டிக் கட்டடத்தோடு தொடங்கியதும் அன்று. ஆங்கிலேயர் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பரிசீலித்து, சுதந்திர பாரதத்துக்கு ஏற்ற காப்புரிமைச் சட்டத்துக்கு வழி கூறுமாறு மத்திய சர்க்கார் சென்னையைச் சேர்ந்த நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரைக் கேட்டுக்கொண்டது. 1959-ல் அவர் அளித்த அறிக்கையே 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஸ்திவாரமாயிற்று. மருந்து, உணவு முதலியவற்றில் செய்முறைக்கு மட்டும் உரிமை தந்து, பண்டத்துக்கே ஒருவர் ஏகபோகம் கொண்டாடுவதைத் தடுத்த அந்தச் சட்டத்தின் நிழலிலேதான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்து, ஏழைக்கும் எட்டும் விலையில் மருந்து விற்க வல்லதாயிற்று. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்படிக்கைக்கு இணங்க, 2005-ல் பண்டத்துக்கும் காப்புரிமை மீண்டது. ஆயினும், உரிமை என்று எதைக் கொடுத்தாலும் அதனால் ஜன சமூகத்துக்கு விளையும் நன்மை என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என அவர் வற்புறுத்திய நோக்கு இன்றும் இந்தத் துறைக்கு உகந்த நோக்கென்றே நான் கருதுகிறேன்.

இனி, தேனுக்கு வருவோம். ஒரு கண்டுபிடிப்பாளர் மனத்தில் உதித்த பொருளன்று தேன். ஒரு வியாபாரி தீட்டிய சின்னமும் அன்று. பல நூறு குடும்பங்கள், ஒருவர் கைத்தொழிலை மற்றொருவர் பார்த்துக் கற்று, ஒரு பிரதேசத்தின் மண்ணையும் மழையையும் நம்பி வளர்த்த நற்பெயரை எவரேனும் ஒருவர் பேரில் எழுதிவிட்டால், அது மற்ற அனைவருக்கும் அநீதியாகும். அப்படியென்று எழுதாமலே விட்டுவிட்டாலோ, தொலைவிலுள்ள எவரும் அந்தப் பெயரை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ரைஸ்டெக் என்னும் கம்பெனி 1997-ல் பாசுமதி வகை அரிசிக்குக் காப்புரிமை பெற்ற செய்தி இந்தியாவில் எழுப்பிய கலக்கம் இந்தப் பின்னணியில் விளங்கும். இந்திய சர்க்காரின் ஆட்சேபணைக்குப் பின் அந்த உரிமையின் பெரும்பகுதி நிலைக்கவில்லை என்றாலும், ஒரு பாடம் கிடைத்தது: உலக வர்த்தக ஸ்தாபனத்தின் அறிவுசார் சொத்து உடன்படிக்கைப்படி, சொந்த நாட்டிலேயே பாதுகாப்புப் பெறாத ஊர்ப் பெயரை அயல்நாடுகள் பாதுகாக்கக் கடமைப்பட்டவை அல்ல. நம் வீட்டில் நாம் எழுதி வைக்காததை அயலார் மதிக்க வேண்டும் என்று கேட்க நமக்கு ஆதாரம் இல்லை.

1999-ஆம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தின் சட்டமாகி, 2003 செப்டம்பர் 15-ஆம் தேதி அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் இவ்வாறு பிறந்தது. முதற்பதிவு டார்ஜிலிங் தேயிலைக்கு.

ஒரு விண்ணப்பம் கிண்டிக்கு வந்த பின் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அலுவலகத்தின் குணம் அதன் நடைமுறையிலேதான் புலப்படுகிறது. தனி மனிதர் எவரும் விண்ணப்பிக்க இயலாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் நலனைப் பிரதிநிதிப்படுத்தும் ஸ்தாபனமோ, சட்டப்படி அமைந்த அதிகார மண்டலமோதான் கேட்கலாம். பண்டம் விளையும் எல்லையைக் காட்டும் வரைபடம், அது அவ்விடத்தில் எந்நாள் தொட்டு இருந்து வருகிறது என்பதற்குச் சான்று, செய்யும் முறையின் விவரம், மற்ற இடத்துப் பண்டத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் விசேஷம், அந்த விசேஷம் மண்ணாலோ தட்பவெப்பத்தாலோ கைத்திறனாலோ எப்படி உண்டாகிறது என்னும் விளக்கம், தரத்தைக் கண்காணிக்கப் போகும் அமைப்பின் பெயர் ஆகிய யாவும் இணைக்கப்பட வேண்டும். இவற்றைச் சரிபார்க்கப் பதிவாளர் ஒரு கலந்தாய்வுக் குழுவை அமைக்கிறார். அதில் துறையறிந்தவர்கள் ஏழு பேருக்கு மிகாமல் இருப்பார்கள். பட்டானால் நெசவறிந்தவர், பழமானால் தோட்டக்கலை அறிந்தவர் என்று விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் குழு மாறும். ஐயங்கள் அறிக்கையாக எழுதப்பட்டு விண்ணப்பதாரருக்குப் போகும். அவர் பதில் எழுத வேண்டும். போதாதென்றால் மேலும் விளக்கம் கேட்பார்கள். எல்லாம் திருப்தியான பின் விண்ணப்பத்தின் முழு விவரமும் அரசின் குறியீட்டு இதழில் பிரசுரமாகிறது. அதன் பின் மூன்று மாதம், வேண்டிக் கேட்டால் மேலும் ஒரு மாதம், ஆட்சேபணை உள்ள எவரும் வந்து சொல்லலாம்.

இந்த மூன்று மாதக் காத்திருப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு பண்டத்துக்கு உரிமை கோருவோர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு முத்திரை குத்திவிடாமல், இதில் பாத்தியதை உள்ளவர் வேறு எவரேனும் உண்டா என்று நாடறியக் கேட்டுவிட்டே சர்க்கார் பதிவேட்டில் கை வைக்கிறது. வங்காளமும் ஒரிஸ்ஸாவும் ரசகுல்லா யாருடையது என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடிய செய்தி வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 2017-ல் வங்காளத்து ரசகுல்லாவும், 2019-ல் ஒரிஸ்ஸாவின் ரசகோலாவும் தனித்தனிப் பெயரில் இதே அலுவலகத்தில் பதிவாயின. இரண்டின் பாகமும் பதமும் வேறு. இரண்டுக்கும் அதனதன் வரலாறு உண்டு. இனிப்பின் முதல் பிறப்பிடம் எது என்று தீர்ப்புச் சொல்ல அலுவலகம் முற்படவில்லை. தன் வேலையின் எல்லையை அறிந்து நடந்துகொண்டது.

மிகுந்த சிரமம் தருவது சான்று தேடும் வேலை. எழுத்தில் இருப்பதே சான்று என்று சட்டம் பிடிவாதம் பிடிப்பதில்லை எனினும், பழைய கெஜட்டியர், சமஸ்தான மானுவல், வியாபாரக் கணக்கு, பிரயாணக் குறிப்பு முதலியவை கையில் இருந்தால் விண்ணப்பத்துக்குப் பலம் கூடும். நம் நாட்டில் யார் எதை எழுதி வைத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மனம் வருந்துகிறது. சிதறால் மலைமேல், பழைய திருச்சாரணத்து மலையில், பாறையில் புடைத்து நிற்கும் தீர்த்தங்கரர் உருவங்களின் அடியில் அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் அம்மலைத் தெய்வத்துக்குப் பொன்னணி அளித்த செய்தியை, ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும் அங்கே நாம் வாசிக்கிறோம். கொடுத்தவர் பெயரும் அரசன் பெயரும் கல்லில் ஏறின. அந்தப் பொன்னணியைச் செய்த தட்டானின் பெயரை எவரும் எழுதவில்லை. அவன் எந்த ஊர்க்காரன், எந்த முறையில் செய்தான் என்பதும் நமக்குத் தெரியாது. தேன் எடுத்தவன், பனை ஏறியவன், பாய் முடைந்தவள் ஆகியோருடைய தொழில் முறைகளும் அப்படியே எழுத்துக்கு வெளியே நின்றுவிட்டன. கிண்டிப் பதிவகத்தின் உண்மையான மாண்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்: தொழிலாளியின் முறையை, அவன் சொல்லும்படியே, அரசாங்க ஆவணமாக்கி வைக்கும் காரியத்தை இந்த தேசத்தில் முதல் தடவையாக ஒழுங்காகச் செய்து வரும் அலுவலகங்களில் இது ஒன்று. பதிவான பண்டங்களின் விவரங்களை எவரும் கேட்டுப் படிக்கலாம்.

மார்த்தாண்டம் தேனின் கதை இவ்விஷயத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. ஏனெனில் அது அத்துணைப் பழமையானதன்று. பொந்திலும் பாறையிடுக்கிலும் கூடு கட்டும் நம் நாட்டுத் தேனீயை மரப்பெட்டியில் குடியேற்றி வளர்க்கும் வித்தையைத் தென்னாட்டில் பரப்பியவர்களுள் முன்னோடி, திருச்சிராப்பள்ளியில் இருந்த பாதிரியார் நியூட்டன். அவர் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் 1920-களில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிராமப் புனருத்தாரணத்துக்காக மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மையத்தை நடத்திய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், கோழி வளர்ப்பு முதலிய குடிசைத் தொழில்களோடு தேனீ வளர்ப்பையும் சுற்றுப்புறக் குடியானவர்களுக்குக் கற்பித்தார். மார்த்தாண்டத்துப் பெட்டி என்றே தனி அமைப்புடைய பெட்டி ஒன்றும் வழக்கில் வந்தது. கற்றவர்கள் தம் மக்களுக்குக் கற்பித்தார்கள்; கூட்டுறவுச் சங்கம் எழுந்தது; குமரியின் தேன் தமிழகமெங்கும் போயிற்று.

அந்தத் தேனின் சுவைக்குக் காரணமான மரமோ பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும். அத்தளிர் முதிரும் பருவத்தில், இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்திலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இனிய நீர் ஊறும். பூவுக்காகக் காத்திராமல் இலையிலிருந்தே ஈக்கள் மதுவை உறிஞ்சிக் கொணரும் காட்சியைத் தோட்டங்களில் தை முதல் பங்குனி வரை காணலாம். அந்தப் பருவத்தில் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை இரவு நேரத்தில், ஈக்கள் உள்ளே அடங்கியபின், வாயிலை அடைத்து, லாரியில் ஏற்றித் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டு போவார்கள். பெட்டியின் கீழ் அறை புழுவுக்கு, மேல் அறை தேனுக்கு. மேல் அறையின் சட்டங்களை மட்டும் எடுத்து, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, கைப்பிடியால் சுழற்றும் கருவியில் இட்டால், அடை சிதையாமல் தேன் மட்டும் வழிந்து இறங்கும். வெறும் அடை திரும்பப் பெட்டிக்குள் போகும். ஆனி, ஆடி மழையில் மது கிடைக்காத நாள்களில் ஈக்கள் பட்டினியால் ஓடிவிடாதிருக்கச் சர்க்கரை நீர் வைத்து அவற்றைக் காப்பாற்ற வேண்டும். 1990-களின் தொடக்கத்தில், புழுக்களை நீர் கட்டிய பை போல் ஆக்கிக் கொல்லும் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவியபோது பெட்டிகளிற் பெரும்பாலானவை காலியாயின. தொழிலே போயிற்று என்று பலர் கைவிட்ட நிலையில், நோய் தாங்கிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து மறுபடியும் பெருக்கி இத்தொழிலை நிலைநிறுத்தியவர்கள் இந்தக் குடியானவர்கள்.

மரம் அயல்நாட்டினது, பெட்டி பாதிரியார் தந்தது, கற்பித்தவர் அமெரிக்கர். இப்படியிருக்க, இது மார்த்தாண்டத்துக்கு உரியது என்று எவ்விதம் சொல்வது என்று ஒருவர் வினவலாம். எவ்வளவு பழமை என்பது ஒன்றே சட்டத்தின் கேள்வியாக இருந்தால் இந்தத் தேன் தோற்றிருக்கும். இந்தப் பண்டத்தின் குணத்தில், நற்பெயரில், இந்த மண்ணாலும் இந்த மனிதராலும் ஆனது என்ன என்று சட்டம் கேட்கிறது. அக்கேள்விக்கு நூறாண்டு உழைப்பே விடையாக இருக்கிறது. மாற்றான் தந்த வித்தையைத் தன்னதாக்கிக்கொண்ட ஜனங்களின் உரிமை, ஆதியிலிருந்தே உடையவர்களின் உரிமைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்று ஓர் அரசாங்கப் பதிவேடு ஒப்புக்கொண்டிருப்பதை நான் மிகவும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

குமரி மாவட்டத்திலிருந்து பதிவானது தேன் மட்டுமன்று. வடசேரிப் பொற்கொல்லர் கைவண்ணமான நாகர்கோவில் கோயில் நகைகளும், ஈத்தாமொழி நெட்டைத் தென்னையும் முன்னரே ஏறியிருந்தன. மலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்பு 2021-லும், மயிலாடிக் கற்சிற்பமும், குழந்தைக்கு முதல் உணவாக மசித்துக் கொடுக்கும் மட்டி வாழைப்பழமும் 2023-லும், தோவாளை மாணிக்க மாலை 2025-லும் சேர்ந்தன. தமிழகத்தின் இத்தனை சிறிய மூலையில் இத்தனை பெயர்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். குறியீடு கிடைத்ததைத் தரச்சான்று கிடைத்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. தரம் பிரித்து முத்திரையிடுவது அக்மார்க்கின் வேலை. கிண்டிப் பதிவகம் பண்டத்தைச் சுவைத்துப் பார்ப்பதில்லை. அது தருவது பெயர்மேல் உரிமை. அந்த உரிமை பத்தாண்டு செல்லும், மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். அதை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறருக்கு எழுதிக் கொடுக்கவோ எவராலும் முடியாது. சொத்துச் சட்டங்களில் இத்தகைய விதி அரிது; செல்வந்தர் ஒருவர் வந்து ஓர் ஊரின் பெயரை மொத்தமாக விலைக்கு வாங்கிவிட முடியாதபடி அது அரணிட்டிருக்கிறது. பொய்யாக அப்பெயரை ஒட்டி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

சிறையும் அபராதமும் ஏட்டில் இருந்தால் போதுமா? யார் புகார் செய்வது, யார் வழக்கை நடத்துவது? இங்கேதான் காரியம் பாதியில் நிற்கிறது. பதிவேட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் பண்டத்தின் பெயரும் விண்ணப்பித்த சங்கத்தின் பெயரும் ஏறும். இரண்டாம் பகுதியில், அப்பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்ற ஒவ்வோர் உற்பத்தியாளரின் பெயரும் ஏற வேண்டும். தேசமெங்கும் முதற்பகுதி வேகமாக நிரம்பி வருகிறது. பத்திரிகையில் செய்தி வருகிறது, பாராட்டு விழா நடக்கிறது. இரண்டாம் பகுதியில் உழைப்பாளிகளின் பெயர்கள் மிகவும் மெதுவாகவே சேர்கின்றன. இருபது பெட்டி வைத்து வளர்க்கும் ஒரு குடியானவர், தம் போத்தலில் குறியீட்டு முத்திரையை ஒட்டச் சட்டப்படி தமக்கு இந்த இரண்டாம் பதிவு வேண்டும் என்பதை அறியாமலே இருக்கக்கூடும். அவருக்கு எடுத்துச் சொல்லாத குற்றம், விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுத்துப் பெருமை பெற்றவர்களையும், பதிவோடு தங்கள் கடமை முடிந்ததென்று நினைக்கும் அரசுத் துறைகளையுமே சாரும். எத்தனை பண்டங்கள் பதிவாயின என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுவதை நிறுத்தி, எத்தனை உற்பத்தியாளர் பெயர்கள் இரண்டாம் பகுதியில் ஏறின என்று கணக்குக் காட்டும் நாள் வந்தால்தான் இச்சட்டம் பலன் தந்ததென்று ஒப்புக்கொள்ளலாம்.

பணம் ஒரு தடையாக இருந்த காலமும் போய்விட்டது. உற்பத்தியாளர் பதிவுக்கு முன்னர் 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020-ல் சர்க்கார் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டது. தேவைப்படுவது ஜி.ஐ.-3 என்னும் படிவமும், தாம் எந்த இடத்தில் எப்படித் தேன் எடுக்கிறோம் என்று எழுதிய ஒரு விவர அறிக்கையும்தான். சிதறாலிலும் அருமனையிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரிப் படிப்பு முடித்த இளைஞர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தங்கள் ஊரில் பெட்டி வைத்திருக்கும் பெரியவர்களிடம் சென்று, அவர்கள் சொல்லச் சொல்ல அந்த அறிக்கையை எழுதிக் கொடுத்து, படிவத்தை நிரப்பிக் கிண்டிக்கு அனுப்பி வைக்குமாறு அவர்களை நான் வேண்டிக்கொள்கிறேன். மட்டி வாழை பயிரிடுவோருக்கும், மயிலாடிச் சிற்பிகளுக்கும், வடசேரிப் பொற்கொல்லருக்கும் இதே உதவி தேவைப்படுகிறது; அவர்களுக்கும் படிவம் அதுவே, கட்டணம் அதே 10 ரூபாயே.